கையில் பரிசு, காதில் "தேங்க்ஸ் சொல்லு": விடுமுறையில் குழந்தைக்கு நன்றி பழக்குவது

அத்தை பொட்டலத்தை நீட்டுகிறார். குழந்தை வாங்கிக் காகிதத்தைக் கிழிக்க ஆரம்பிக்கிறது. பின்னாலிருந்து அம்மா, "அத்தைக்குத் தேங்க்ஸ் சொல்லு." பதில் இல்லை. "சொல்லுடா, அத்தை காத்திட்டு இருக்காங்க பாரு." மூன்றாம் முறை கேட்டதும் குழந்தை அம்மாவின் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. கூடியிருப்பவர்கள் சிரிக்கிறார்கள், அம்மாவுக்கு முகம் சுருங்குகிறது.

இங்கே தப்பு குழந்தையிடம் இல்லை, நேரத்தில்தான். பரிசு கைக்கு வந்த நொடியில் குழந்தையின் மனசு முழுக்க அந்தப் பொட்டலத்துக்குள் இருக்கும். பாடம் அப்போது ஏறாது. அதற்கு முன்னாலும் பின்னாலும்தான் ஏறும். அந்த நொடியில் "ரொம்ப தேங்க்ஸ் அத்தை" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். ஒரு முறை மெல்ல நினைவூட்டலாம், இரண்டாவது முறை வேண்டாம்.

வயதையும் பார்க்க வேண்டும். இரண்டு, மூன்று வயதில் நன்றி என்பது 'டாட்டா' மாதிரி ஒரு சொல், அவ்வளவுதான். இன்னொருவர் மனதில் வேறு எண்ணம் ஓடும் என்பது ஏறக்குறைய நான்கு வயதில்தான் பிடிபடத் தொடங்குகிறது. 'நமக்காக மெனக்கெட்டிருக்கிறார்' என்பது அதற்குப் பிறகுதான் மெல்ல விளங்கும்.

விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பே ஒத்திகை பாருங்கள். ஒற்றைக் காலுறை, குழந்தையிடம் ஏற்கெனவே இருக்கும் பொம்மை, காலி டப்பா என்று நாலைந்தைக் காகிதத்தில் சுற்றுங்கள். ஒருவர் கொடுக்க, ஒருவர் வாங்க, பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் போதும். பிடிக்காதது வந்தால் என்ன சொல்வது என்பதுதான் இந்த விளையாட்டின் உயிர். 1984-இல் கரோலின் சார்னி என்ற உளவியலாளர் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே கைக்குழந்தைப் பொம்மையைப் பரிசாகக் கொடுத்துப் பார்த்தார். சின்னவர்களால், அதிலும் பையன்களால், ஏமாற்றத்தை மறைக்க முடியவில்லை. பள்ளிப் பிள்ளைக்கே அப்படியென்றால் நான்கு வயதுக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. "ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று பொய் சொல்லவும் பழக்க வேண்டாம். "எனக்காகக் கொண்டுவந்தீங்களா, தேங்க்ஸ்" என்பது பொம்மை பிடிக்காவிட்டாலும் உண்மைதான்.

அடுத்து, எண்ணிக்கை. பொட்டலங்களை வரிசையாகப் பிரிக்க விட்டால் மூன்றாவதற்குள் முதலாவது மறந்துபோகும். ஒன்றைப் பிரித்ததும் கொஞ்ச நேரம் விளையாட விடுங்கள். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் 36 குழந்தைகளை ஒரு முறை 4 பொம்மைகளோடும் இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். குறைவாக இருந்தபோதுதான் ஒவ்வொன்றோடும் அதிக நேரம் விளையாடினார்கள் என்று 2018-இல் வெளியான அந்த ஆய்வு சொல்கிறது. மிச்சத்தை மேலே எடுத்து வைத்து வாரம் ஒன்றாக இறக்குங்கள். கொடுத்தவர் பெயரை அடியில் ஒட்டிவிட்டால், இறக்கும்போது "இது மாமா கொடுத்தது" என்று சொல்ல வசதி.

நிஜமான பாடம் ராத்திரி படுக்கையில். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஆண்ட்ரியா ஹசாங் குழுவினர் நன்றியை நான்காகப் பிரிக்கிறார்கள்: கவனிப்பது, யோசிப்பது, உணர்வது, செய்வது. அதைக் குழந்தையிடம் இப்படிக் கேட்கலாம்: இன்னிக்கு யார் என்ன கொடுத்தாங்க? ஏன் உனக்குன்னு கொடுத்தாங்க? உனக்கு எப்படி இருந்துச்சு? நாம என்ன செய்யலாம்? நான்கையும் ஒரே இரவில் கேட்டால் பரீட்சை ஆகிவிடும். ஒரு நாளைக்கு ஒரு கேள்வி போதும்.

பாட்டி தைத்துக் கொடுத்த பை என்று வைத்துக்கொள்வோம். "பாட்டிக்கு உன் மேல எவ்வளவு பாசம்!" என்றால் குழந்தைக்கு ஒன்றும் விளங்காது. பையின் ஓரத்தைக் காட்டி, "சின்னச் சின்னதா எத்தனை தையல் இருக்கு, எண்ணு" என்று சொல்லுங்கள். பன்னிரண்டு வரை எண்ணிவிட்டு, "பாட்டிக்கு ஊசி குத்துச்சா?" என்று கேட்டால், குழந்தை பாட்டியைப் பார்த்துவிட்டது. காலையில் போன் போட்டுக் கொடுத்து அதையே கேட்கச் சொல்லுங்கள். எந்த 'தேங்க்ஸ் பாட்டி'யை விடவும் பாட்டிக்கு அதுதான் இனிக்கும்.

நன்றிக் கடிதம் ஒரு வாரத்துக்குள், நாளுக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம். எழுதத் தெரியாத பிள்ளை படம் வரையட்டும், அது சொல்வதை நீங்கள் கீழே எழுதுங்கள். "லாரியோட சக்கரம் நல்லா சுத்துது" என்றால் அப்படியே எழுதுங்கள். திருத்தினால் அது உங்கள் கடிதம். கட்டிக்கொடுத்த சோறும் சொல்லிக்கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?

இரண்டு விஷயங்களைத் தவிர்த்துவிடலாம். ஒன்று, நன்றி சொன்னதற்கு ஸ்டிக்கர், சாக்லேட். 20 மாதக் குழந்தைகளிடம் வார்னெக்கன், தோமசெல்லோ என்ற உளவியலாளர்கள் செய்த சோதனையில் (2008), உதவிக்குப் பரிசு வாங்கிய குழந்தைகள் பிற்பாடு குறைவாகவே உதவினார்கள். அந்தச் சோதனை பார்த்தது உதவியைத்தான், ஆனால் நன்றியும் அப்படிக் கெட்டுப்போக வழியிருக்கிறது. இரண்டு, "இதுகூட இல்லாத பிள்ளைங்க எத்தனை பேர் தெரியுமா?" இதில் வளர்வது குற்ற உணர்ச்சியோ இளக்காரமோதான்.

எவ்வளவு ஒத்திகை பார்த்தாலும், தூக்கம் தப்பிய நாளில் "இது எனக்கு வேணாம்!" என்ற அலறல் வரத்தான் செய்யும். சபையில் கண்டிக்காதீர்கள். கொடுத்தவரிடம் "தூக்கக் கலக்கம், அப்புறம் பேசுவான்" என்று சொல்லிவிட்டு வேறு அறைக்குத் தூக்கிப் போய்த் தண்ணீர் கொடுங்கள். பேச்செல்லாம் மறுநாள்.

விடுமுறை முடிந்ததும் படுக்கைக் கேள்வியை மட்டும் தொடருங்கள். சில இரவுகள் "ஒண்ணுமில்ல" என்றுதான் பதில் வரும். "எனக்கு இன்னிக்கு அப்பா பாத்திரம் கழுவிக் கொடுத்தாங்க" என்று உங்களுடையதைச் சொல்லிவிட்டு விளக்கை அணையுங்கள்.