வீடியோ கன்வெர்ட் ஆக நேரம் இழுக்கிறதா? காசு போடுவதற்கு முன் இதைப் பாருங்கள்

கும்பகோணத்தில் பதினான்கு வருடமாகக் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். தை மாதம் முகூர்த்தம் அடுத்தடுத்து வரும். மூன்று மணி நேர 4கே வீடியோவை டிவியில் ஓடுகிற மாதிரி 1080 பிக்சல் உயரத்துக்கு மாற்றிப் பென் டிரைவில் கொடுக்க வேண்டும். கன்வெர்ட் ஆகும் நேரம்தான் எங்களுக்குப் பெரிய பாடு.

சில வருடங்களுக்கு முன் ஒரு கடையில் "கிராபிக்ஸ் கார்டு போடுங்க, பறக்கும்" என்றார்கள். சீட்டு எடுத்த பணத்தில் வாங்கிப் போட்டேன். அன்றிரவும் அதே நேரம்தான் ஆனது. நான் கன்வெர்ட் செய்யும் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் என்கோடர், அதாவது வீடியோவைச் சுருக்கும் பகுதி, எக்ஸ்264 என்றே இருந்திருக்கிறது. அது முழுக்கப் பிராசசரில் ஓடும் மென்பொருள். புதுக் கார்டு சும்மா உட்கார்ந்திருந்தது. அதை என்வென்க், அதாவது கார்டிலேயே இருக்கும் என்கோடர், என்று மாற்றிய பிறகுதான் கார்டு வேலையே செய்தது. அதனால் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, எந்தப் பாகம் உங்களைக் காக்க வைக்கிறது என்று கண்டுபிடியுங்கள்.

மாலை மாற்றுகிற இடம் மாதிரி கூட்டமும் அசைவும் உள்ள இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை வெட்டிக்கொள்ளுங்கள். அதைக் கன்வெர்ட் செய்யப் போட்டுவிட்டு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். பிராசசர், டிஸ்க் இரண்டையும் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு பக்கத்தில் 'வீடியோ என்கோட்' (சுருக்குவது), 'வீடியோ டிகோட்' (சுருக்கியதைப் பிரிப்பது) என்று தனித்தனி வரைபடம் இருக்கும். எது நூறைத் தொட்டு நிற்கிறதோ அதுதான் முட்டுக்கட்டை.

பிராசசர் நூறில் நின்றால், கூடுதல் கோர் (தனித்தனியாக ஒரே நேரத்தில் வேலை செய்யும் பகுதி) உள்ள பிராசசர் உதவும். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. எச்.265 என்ற முறையில் சுருக்கும் எக்ஸ்265 என்கோடர் ஒவ்வொரு ஃபிரேமையும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு படத்தையும், 64 பிக்சல் உயர வரிசைகளாகப் பிரித்துக்கொள்கிறது. மேல் வரிசை கொஞ்சம் முன்னால் போன பிறகுதான் கீழ் வரிசை நகர முடியும். பந்தியில் கூட்டு வைப்பவர் இரண்டு இலை தாண்டினால்தானே பின்னால் பொரியல் வாளியோடு நிற்பவர் நகர முடியும்? அதே மாதிரிதான். 1080 வீடியோவில் 17 வரிசை, 4கே-யில் 34. பந்தி சின்னதாக இருந்தால் பரிமாற முப்பது பேர் வந்து பயனில்லை. நிறைய கோர் இருந்தும் பிராசசர் ஐம்பது, அறுபது சதவீதத்திலேயே நின்றால் இது காரணமாக இருக்கலாம். அப்போது ஒரே நேரத்தில் இரண்டு ஃபைலை ஓட விடுங்கள். ஹேண்ட்பிரேக்கின் புதிய பதிப்புகளில் அதற்கு அமைப்பு உண்டு.

அப்புறம் கார்டு விஷயம். இன்டெலின் குவிக் சிங்க் 2011-இலும், என்விடியாவின் என்வென்க் 2012-இலும் வந்தன. இரண்டுமே வீடியோவைச் சுருக்குவதற்கென்றே சிப்பில் வைத்த தனிச் சுற்று. அதனால் கேமில் இரண்டு மடங்கு வேகமான கார்டு கன்வெர்ஷனிலும் இரண்டு மடங்கு வேகம் தராது. வாங்கும்போது ஜிடி 1030-ஐத் தவிர்த்துவிடுங்கள், அதில் என்வென்க் கிடையாது. பெயர் 'எஃப்' என்று முடியும் இன்டெல் பிராசசர்களில் கிராபிக்ஸ் இல்லை, ஆகவே குவிக் சிங்கும் இல்லை.

இந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. ஒரே அளவு ஃபைலில், எக்ஸ்265-ஐ 'ஸ்லோ' என்ற நிதானமான அமைப்பில் ஓட்டினால் வரும் தெளிவு கார்டில் வராது. கூரைப்புடவை ஜரிகையில் பாருங்கள், இழை கரைந்து மஞ்சள் பட்டையாகிவிடும். குத்துவிளக்குக்குப் பின்னால் இருக்கும் இருட்டில் கட்டம் கட்டமாகத் தெரியும். பென் டிரைவுக்குக் கார்டில் போட்டு பிட்ரேட்டை (நொடிக்கு எவ்வளவு டேட்டா என்பதை) கொஞ்சம் கூட்டுகிறேன். கல்யாண வீட்டார் காலத்துக்கும் வைத்திருக்கப் போகிற பிரதியை ராத்திரி முழுக்கப் பிராசசரில்தான் ஓட விடுகிறேன். அதில் சமரசம் செய்ய எனக்கு மனம் வராது.

டாஸ்க் மேனேஜரில் கார்டின் என்கோட் சும்மா இருக்க, பிராசசர் மட்டும் திணறுகிறதா? கேமரா ஃபைலைப் பாருங்கள். 4:2:2 10 பிட்டில், அதாவது நிற விவரத்தைக் கூடுதலாகப் பதியும் அமைப்பில், எடுத்திருந்தால் பல கார்டுகளால் அதைப் பிரிக்கவே (டிகோட் செய்யவே) முடியாது. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 சீரிஸ் கார்டுகளுக்கு வந்துதான் அந்த வசதி கிடைத்தது. எச்.265-இல் எடுத்த 4:2:2 என்றால் இன்டெல் 11-ஆம் தலைமுறையின் உள் கிராபிக்ஸே பிரித்துவிடும். கலர் வேலை பெரிதாகச் செய்யாத விழாவுக்கு நான் கேமராவிலேயே நிற விவரம் குறைந்த 4:2:0 வைத்துவிடுகிறேன்.

எஸ்எஸ்டி எடிட்டிங்குக்கு அருமை. கன்வெர்ஷனுக்கு அவ்வளவு இல்லை. 100 மெகாபிட் வீடியோ என்றால் நொடிக்கு 12.5 எம்பிதான், நான்கு மடங்கு வேகத்தில் ஓடினாலும் 50 எம்பி. நல்ல ஹார்ட் டிஸ்க்கே நொடிக்கு 100 எம்பிக்கு மேல் கொடுக்கும். பென் டிரைவிலிருந்து படித்து அதிலேயே எழுத வைப்பதுதான் தப்பு. கம்ப்யூட்டரில் மாற்றிவிட்டுப் பிறகு காப்பி செய்யுங்கள். ரேம் 16 ஜிபி போதும், ஒற்றைக் குச்சியாக இல்லாமல் இரண்டு எட்டாகப் போடுங்கள்.

லேப்டாப்காரர்கள் சூட்டைக் கவனிக்க வேண்டும். முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு ஃபிரேம் எண்ணிக்கை இறங்கி அங்கேயே நின்றால், சூடு தாங்காமல் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். சித்திரை வெயிலில் என் லேப்டாப் அப்படித்தான் ஆனது. திறந்து பார்த்தால் விசிறிக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளித் துண்டு மாதிரி படிந்திருந்தது. அதை எடுத்துவிட்டு, பிராசசர் சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றியதும் பழைய வேகம் திரும்பியது. சார்ஜரைச் செருகாமல் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

பழைய மினி டிவி (MiniDV) கேமரா டேப்போடு வருகிறவர்களும் இதே வேகத்தைக் கேட்கிறார்கள். ஒரு மணி நேர டேப்பை ஓட விட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும், ஃபைல் சுமார் 13 ஜிபி வரும். அதற்குப் புதுப் பிராசசர் எதுவும் தேவையில்லை. டேப்பைப் படிக்கும் ஹெட் சுத்தமாக இருக்கும் ஒரு பழைய கேமராவும், அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஃபயர்வயர் போர்ட்டும் இருந்தால் போதும்.