போனைப் புடுங்காம ஸ்க்ரீன் டைமை முடிக்கிறது எப்படி

பசங்க ஸ்க்ரீன் டைம்னு பேச்செடுத்தாலே எல்லாரும் கேக்குற மொத கேள்வி, ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம் குடுக்கலாம்ங்கிறதுதான். அத சட்டுன்னு சொல்லிடலாம். உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னபடி 2 வயசு வரைக்கும் ஸ்க்ரீனே வேணாம், 2லேருந்து 4 வயசு வரைக்கும் 1 மணி நேரத்துக்கு மேல வேணாம், அதுலயும் கொறஞ்சா நல்லது. அமெரிக்க குழந்தை மருத்துவர்கள் சங்கம் 18 மாசத்துக்கு கீழ இருந்தா வீடியோ கால் மட்டும் பரவால்லங்குது, அதனால தாத்தா பாட்டி முகத்த பாத்து பேசுறத கணக்குல சேக்காதீங்க. பெரிய பசங்களுக்கு இத்தன மணி நேரம்னு எல்லாருக்கும் பொருந்துற ஒரு நம்பர் கிடையாது, தூக்கம் படிப்பு ஓடியாடுறது மூணும் அடிவாங்காம இருக்கான்னு பாத்துக்கணும், அவ்ளோதான்.

ஆனா எந்த வீட்ட எடுத்துக்கிட்டாலும் சண்ட அந்த ஒரு மணி நேரத்துல வர்றது இல்ல, கடைசி ரெண்டு நிமிஷத்துலதான் வருது. போனை வாங்குற நேரம். அதனால பிளான் பண்றதே முடிவுலேருந்து ஆரம்பிங்க, எப்ப குடுக்குறதுன்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி எங்க நிறுத்துறதுன்னு யோசிங்க.

4 வயசு குழந்தைகிட்ட "இன்னும் அஞ்சு நிமிஷம்"னு சொன்னா அதுக்கு ஒண்ணும் புரியாது, அஞ்சு நிமிஷம்னா எவ்ளோன்னு அதுக்கு எப்படி தெரியும். "இந்த கார்ட்டூன் முடிஞ்சதும் ஆஃப்"னு சொன்னா புரியும், ஏன்னா முடியறத அது கண்ணால பாக்கும். ஆனா இது நடக்கணும்னா ஆட்டோப்ளே ஆஃப்ல இருக்கணும், இல்லன்னா ஒண்ணு முடியறதுக்குள்ள அடுத்தது ஓட ஆரம்பிச்சிடும், நீங்க சொன்ன சொல்லு காத்துல போயிடும். யூடியூப்ல வீடியோ ஓடும்போது மேலயே அந்த சுவிட்ச் இருக்கு, யூடியூப் கிட்ஸ்லயும் இருக்கு, டிவில இருக்குற யூடியூப்ல தனியா செட்டிங்ஸ்க்குள்ள போய் ஆஃப் பண்ணனும், இத முக்கால்வாசி பேர் மறந்துடுறாங்க. ஷார்ட்ஸ், ரீல்ஸ் மாதிரி சின்ன வீடியோக்கு முடிவுன்னு ஒண்ணே கிடையாது, விரல தள்ள தள்ள வந்துக்கிட்டே இருக்கும், அடுத்தது நல்லா இருக்குமோங்கிற எதிர்பார்ப்புலயே கை நிக்காது, பெரியவங்களுக்கே நிக்க மாட்டேங்குது. என்னக் கேட்டா சின்ன பசங்களுக்கு ஒரு முழு கார்ட்டூன போட்டு விடலாம், ஷார்ட்ஸ் மட்டும் வேணவே வேணாம்.

கேம் விளையாடுற பசங்க கத வேற. ஆன்லைன்ல டீமா ஆடுற கேம்ல நடுவுல வெளிய வந்தா கூட ஆடுறவங்க தோப்பாங்க, சில கேம்ல பாதில ஓடுனவனுக்கு அபராதம் வேற போடும், அடுத்த மேட்ச்ல கொஞ்ச நேரம் சேத்துக்காது. அந்த நேரத்துல போய் வைஃபைய ஆஃப் பண்ணா அவன் கத்துறதுல நியாயம் இருக்கு. ஒரு மேட்ச் எவ்ளோ நேரம் ஓடும்னு அவன்கிட்டயே கேட்டு தெரிஞ்சுக்கோங்க. அப்பறம் ரூலை இப்படி மாத்துங்க: இந்த மேட்ச் முடிஞ்சதும் நிறுத்தணும், மிச்சமிருக்க நேரம் ஒரு மேட்ச்க்கு பத்தலன்னா புதுசா ஆரம்பிக்கக்கூடாது.

கிச்சன்லேருந்து "போதும் வெய்யி"ன்னு கத்துறதுல பிரயோஜனமில்ல, காதுலயே விழாது. முடியறதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி போய் பக்கத்துல உக்காருங்க, யாரு இவன், எதுக்கு ஓடுறான், எந்த லெவல்னு ஏதாவது கேளுங்க. பதில் சொல்ல ஆரம்பிச்சிட்டான்னாலே பாதி வெளிய வந்துட்டான்னு அர்த்தம். அப்பறம் சொன்னா கேப்பான், தினமும் கேப்பான்னு கேரண்டி இல்ல, ஆனா தூரத்துலேருந்து கத்துறதுக்கு இது எவ்ளவோ மேல். அடுத்து என்னங்கிறதும் ரெடியா இருக்கணும். ஆஃப் பண்ணதும் நேரா ஹோம்வொர்க்னா எவனுக்குதான் நிறுத்த மனசு வரும், நடுவுல குளியல், சாப்பாடு, வெளிய போய் விளையாட்டுன்னு எதையாவது வெச்சிடுங்க.

அழுதா? அழட்டும். அழுத பிறகு பத்து நிமிஷம் கூட குடுத்தீங்கன்னா, அழுதா பத்து நிமிஷம் கிடைக்கும்னு அது கத்துக்கும். கூட குடுக்கணும்னு தோணுனா அழறதுக்கு முன்னாடியே குடுங்க, "இன்னைக்கு லீவு, அதனால இன்னொண்ணு பாத்துக்கோ"ன்னு சொல்லி நீங்களா குடுக்குறது வேற, அழுது வாங்குறது வேற.

இப்ப செட்டிங்ஸ். இது எதுக்குன்னா நிறுத்துன்னு சொல்ற வில்லன் வேலைய மிஷின் பாத்துக்கும், நீங்க பாக்க வேண்டாம். ஆண்ட்ராய்டுனா கூகுள் ஃபேமிலி லிங்க், உங்க போன்ல ஆப்பைப் போட்டு குழந்தைக்கு தனி அக்கவுண்ட் வெச்சு இணைச்சிடுங்க. ஒரு நாளைக்கு இவ்ளோ நேரம்னு லிமிட், ராத்திரி இத்தன மணிக்கு மேல லாக், ஒவ்வொரு ஆப்புக்கும் தனி லிமிட், புதுசா ஆப் போடணும்னா உங்க பர்மிஷன், எல்லாம் வரும். அன்னைக்கு மட்டும் கூட நேரம் குடுக்கவும் வழி இருக்கு, லிமிட்டையே மாத்திட்டு அப்பறம் திரும்ப மாத்த மறந்துடாம, அந்த வழியிலயே குடுங்க. ஐபோன், ஐபேட்ல ஸ்க்ரீன் டைம்னே செட்டிங்ஸ்ல இருக்கு. அதுல ரெண்டு விஷயம், ஒண்ணு ஸ்க்ரீன் டைம்க்குன்னு தனி பாஸ்கோடு போடுங்க, போனைத் திறக்குற நம்பரையே போட்டீங்கன்னா அது அவங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ரெண்டாவது, ஆப் லிமிட் போடும்போது லிமிட் முடிஞ்சதும் பிளாக் பண்ணுங்கிற சுவிட்ச் ஆன்ல இருக்கான்னு பாருங்க, அது ஆஃப்ல இருந்தா ஒரு தட்டு தட்டி லிமிட்ட தாண்டி போயிக்கிட்டே இருப்பாங்க, நீங்க லிமிட் போட்டுட்டோம்னு நிம்மதியா உக்காந்திருப்பீங்க.

ஓட்டைங்களும் இருக்கு. யூடியூப் ஆப்பை பிளாக் பண்ணா பிரவுசர்ல போய் பாப்பாங்க, அதனால சைட்டையும் சேத்து பிளாக் பண்ணுங்க. டிராயர்ல கெடக்குற பழைய போன், அதுல சிம் இல்லன்னாலும் வைஃபை போதும், அத முதல்ல எடுத்து பூட்டி வைங்க. சின்ன குழந்தைக்கு யூடியூப் கிட்ஸ்ல நீங்களே செலக்ட் பண்ண வீடியோ, சேனல் மட்டும் காட்டுற செட்டிங் இருக்கு, அத போட்டா சர்ச்சும் போயிடும், டைமரும் உள்ளயே இருக்கு. மோசமான சைட் வரக்கூடாதுன்னா ரவுட்டர்ல டிஎன்எஸ் நம்பர, அதாவது சைட் பேர வெச்சு அது எங்க இருக்குன்னு தேடிக் குடுக்குற சர்வரோட நம்பர, 1.1.1.3ன்னு மாத்தலாம், கிளவுட்ஃப்ளேர்ங்கிற இன்டர்நெட் கம்பெனி இலவசமா குடுக்குறது, வைரஸ் சைட்டும் ஆபாச சைட்டும் வீட்டு வைஃபைல நிக்கும். மொபைல் டேட்டால போனா இது வேல செய்யாது.

ராத்திரி எல்லா போனும் பெட்ரூம்க்கு வெளிய ஒரே எடத்துல சார்ஜ் ஆகட்டும், எல்லா போனும்னா உங்களோடதும். அலாரம் வெக்கணுமேன்னு சொல்லுவாங்க, ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக் குடுத்தா அந்த சாக்கும் போச்சு. தூங்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ஸ்க்ரீன் நிக்கட்டும். கண்ணுக்கு 20 நிமிஷத்துக்கு ஒரு தடவ 20 அடி தூரத்துல இருக்குறத 20 செகண்ட் பாக்க சொல்லுங்க, பகல் வெளிச்சத்துல வெளிய விளையாடுறது கிட்டப்பார்வை வர்றத கொறைக்கும்.

பெருசா வளந்த பசங்ககிட்ட ஒளிஞ்சு வேவு பாக்காதீங்க, என்ன பாக்குறீங்களோ அத சொல்லிட்டே பாருங்க. நெறைய சோசியல் மீடியால அக்கவுண்ட் தொடங்க 13 வயசு ஆகணும், வயச மாத்திப் போட நீங்களே உதவி பண்ணாதீங்க. ஏதாவது கண்றாவிய பாத்துட்டேன், யாரோ தப்பா மெசேஜ் பண்றாங்கன்னு அவங்களா வந்து சொன்னா அந்த நேரத்துல போனைப் புடுங்கிடாதீங்க, புடுங்குனா அடுத்த தடவ சொல்லவே மாட்டாங்க. சேந்து உக்காந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சு பிளாக் பண்ணி ரிப்போர்ட் பண்ணுங்க. லிமிட்டையும் ஒரே மாதிரி வருஷக்கணக்கா விட்டுடாதீங்க, ஸ்கூல் லீவு விடும்போதும் தொறக்கும்போதும் கூட உக்கார வெச்சு, எது கூட்டணும் எது கொறைக்கணும்னு அவங்களையே சொல்லச் சொல்லி அப்பறம் மாத்துங்க.