எம்ஜிபி காரில் இண்டிகேட்டர் வேலை செய்யவில்லையா? பிளாஷரை வாங்கும் முன் பாருங்கள்

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் தயாரான ஸ்போர்ட்ஸ் கார். அதில் இண்டிகேட்டர் மின்னவில்லை என்றதும் பலரும் முதலில் செய்வது, புது பிளாஷர் (இண்டிகேட்டரை விட்டுவிட்டு மின்ன வைக்கும் சிறு கருவி) ஒன்றை வாங்கி மாட்டுவது. அவசரப்படாதீர்கள். இவ்வளவு வயதான வண்டியில் பாகங்களைவிட, பாகங்களுக்கு நடுவே உள்ள இணைப்புகள்தான் அதிகம் கெடுகின்றன. ஒரு டெஸ்ட் லாம்ப் (கரண்ட் இருந்தால் எரிந்து காட்டும் சிறு விளக்கு), மல்டிமீட்டர், மெல்லிய உப்புத்தாள், இரண்டு முனையிலும் கிளிப் வைத்த ஒரு வயர் இருந்தால் போதும், வேலையைத் தொடங்கலாம்.

கரண்ட் போகும் வழியை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: ஃபியூஸ், ஹசார்ட் சுவிட்ச் (ஆபத்து நேரத்தில் இரு பக்க இண்டிகேட்டர்களையும் ஒன்றாக மின்ன வைப்பது), பிளாஷர், ஸ்டியரிங் அருகே உள்ள இண்டிகேட்டர் சுவிட்ச், பல்பு, கடைசியில் எர்த், அதாவது கரண்ட் வண்டியின் உலோக பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு. 1960களின் ஆரம்ப வண்டிகளில் ஹசார்ட் சுவிட்ச் இருக்காது. வயர் நிறங்களும் உதவும். சாவியைத் திருப்பியதும் கரண்ட் வருவது பச்சை. பிளாஷரிலிருந்து சுவிட்சுக்குப் போவது வெளிர் பச்சையில் பழுப்புக் கோடு. இடப்பக்க விளக்குகளுக்குப் பச்சையில் சிவப்பு, வலப்பக்கத்துக்குப் பச்சையில் வெள்ளை. கறுப்பு என்றால் எர்த்.

படி 1: ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா?

இரண்டு பக்கமும் செத்துக் கிடந்தால் கோளாறு பெரும்பாலும் சுவிட்சுக்கு முன்னால். ஒரு பக்கம் மட்டும் என்றால் சுவிட்சிலிருந்து பல்பு, எர்த் வரைக்கும்தான். நேராகப் படி 5க்குப் போகலாம்.

படி 2: ஃபியூஸ்

பச்சை வயர் வைப்பர், பிரேக் லைட், பெட்ரோல் மீட்டர் எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கிறது. அவையும் வேலை செய்யவில்லையென்றால் பானெட்டைத் திறந்து ஃபியூஸ் பெட்டியைப் பாருங்கள். கண்ணாடிக்குள் கம்பி அறுபடாமல் இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஃபியூஸைக் கழற்றி அதன் இரு மூடிகளையும், அதைப் பிடிக்கும் கிளிப்புகளையும் உப்புத்தாளால் பளபளப்பாகும் வரை தேயுங்கள். கிளிப் தளர்ந்திருந்தால் லேசாக நெருக்கிவிடுங்கள். மாற்றுவதானால் ஒன்றைக் கவனியுங்கள்: இந்த வண்டிக்குச் சொல்லப்படும் 35 ஆம்பியர் என்பது ஃபியூஸ் எரிந்துபோகும் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு 17 ஆம்பியர்தான். தொடர்ந்து 35 ஆம்பியர் தாங்கும் ஃபியூஸைப் போட்டால், வயர் சூடாகி உருகினாலும் அது எரியாது.

படி 3: ஹசார்ட் சுவிட்ச்

புதிதாகப் பழகுகிறவர்கள் தவறவிடும் இடம் இது. ஹசார்ட் சுவிட்ச் அணைந்திருக்கும்போது, இண்டிகேட்டருக்கான கரண்ட் அதற்குள்ளேதான் புகுந்து போகிறது. வருடக்கணக்கில் யாரும் தொடாததால் உள்ளே தொடுமுனைகளில் களிம்பு பிடித்துவிடும். சாவியை அணைத்துவிட்டு அந்தச் சுவிட்சைப் பத்து இருபது முறை மேலும் கீழும் தட்டுங்கள். பல வண்டிகளில் இத்தோடு பிரச்சினை தீர்ந்துவிடும். உயிர் வந்து மறுபடி போனால், சுவிட்சைக் கழற்றிக் காண்டாக்ட் கிளீனர் அடியுங்கள்.

படி 4: பிளாஷர் நல்லதா, கெட்டதா?

பிளாஷரில் பி, எல் என்று இரு முனைகள் இருக்கும். அவற்றின் வயர்களைக் கழற்றி, கிளிப் வயரால் ஒன்றோடொன்று இணையுங்கள். வெறும் முனை பாடியில் பட்டுவிடக் கூடாது. சாவியைப் போட்டு இண்டிகேட்டரை ஒரு பக்கம் தள்ளுங்கள். விளக்குகள் மின்னாமல், நின்று பிரகாசமாக எரிந்தால் மற்ற எல்லாம் சரி, பிளாஷர்தான் குற்றவாளி. மங்கலாக எரிந்தால் பிளாஷரைக் குறை சொல்ல வேண்டாம். எரியவே இல்லையென்றால் பச்சை வயரில் கரண்ட் வருகிறதா என்று டெஸ்ட் லாம்பால் பாருங்கள்.

படி 5: பல்பு, ஹோல்டர், எர்த்

பழைய பிளாஷருக்குள் ஓடும் கரண்ட்தான் அதைச் சூடாக்கி வேலை செய்ய வைக்கிறது. முன்னும் பின்னும் 21 வாட் பல்பு இருந்தால்தான் கணக்கு சரியாக வரும். ஒன்று ஃபியூஸ் போனாலோ, வாட் குறைந்தாலோ, மற்றது மின்னாமல் நின்று எரியலாம், அல்லது மின்னும் வேகம் மாறலாம். எல்இடி பல்பு போட ஆசைப்பட்டால் பிளாஷரையும் எலக்ட்ரானிக் வகைக்கு மாற்ற வேண்டியிருக்கும். 1967க்கு முந்தைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். அதற்கு ஏற்றதாகப் பார்த்து வாங்குங்கள்.

பல்பு நல்லது என்றால் எர்த்தைச் சோதியுங்கள். இண்டிகேட்டர் போடும்போது பக்கத்து டெயில் லைட்டும் சேர்ந்து மங்கலாகத் துடித்தால் பின்பக்க எர்த் போய்விட்டது என்று பொருள். மீட்டரில் உறுதிசெய்ய, படி 4இல் சொன்னபடி பிளாஷருக்குப் பதில் கிளிப் வயரைப் போட்டு அப்படியே விட்டுவிடுங்கள். விளக்கு நின்று எரிந்தால்தான் மீட்டரில் எண் ஆடாது. மீட்டரின் ஒரு முனையைப் பல்பு ஹோல்டரின் உலோக உடலிலும், மறுமுனையை பேட்டரியின் எர்த் முனையிலும் வையுங்கள். பேட்டரி இருக்கைகளுக்குப் பின்னால் இருப்பதால் நீளமான வயர் வேண்டும். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒரு வோல்ட் இரண்டு வோல்ட் காட்டினால் கறுப்பு வயர் போகும் வழியெல்லாம் தேடுங்கள்.

முன்பக்கம் ரேடியேட்டர் அருகிலும், பின்பக்கம் டிக்கிக்குள்ளும் புல்லட் கனெக்டர்கள் (வயரின் உருண்டை முனையை ஓர் உறைக்குள் செருகும் இணைப்புகள்) இருக்கும். ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். பித்தளை முனை கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் தேய்த்து, பெட்ரோலியம் ஜெல்லி தடவி மாட்டுங்கள். ரப்பர் உறைக்குள் இருக்கும் தகடு துருப்பிடித்திருந்தால் தேய்ப்பது வீண்வேலை, புது உறையே போட்டுவிடுங்கள்; விலை சொற்பம்தான்.

எல்லாம் முடிந்ததும் கிளிப் வயரை எடுத்துவிட்டு பிளாஷரை மாட்டுங்கள். இன்ஜினை ஓட்டி, ஹெட்லைட் போட்டு, பிரேக்கையும் மிதித்தபடி இரு பக்கமும் பாருங்கள். டைனமோ உள்ள பழைய வண்டியில் ஐடிலில் மின்னும் வேகம் குறையும், அது கோளாறு அல்ல. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்ததும் வேகம் சீரானால் வண்டியை ரோட்டுக்கு எடுக்கலாம்.