புதிதாக வாங்கிய கடல் மீனுக்கு நோயா? சிகிச்சையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புது மீனின் துடுப்பில் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. ஏதோ ஒரு மருந்தைத் தொட்டியில் ஊற்றுகிறோம். மூன்று நாளில் புள்ளிகள் மறைந்துவிடுகின்றன, மருந்தை நிறுத்திவிடுகிறோம். அடுத்த ஓரிரு வாரங்களில் அந்தத் தொட்டியில் இருக்கும் மற்ற மீன்களுக்கும் அதே புள்ளி, முன்பைவிட அதிகமாக. கடல் மீன் வளர்ப்பில் அதிக உயிர்களைப் பலி வாங்கும் தவறு இதுதான்.

புள்ளி மறைந்ததற்கும் மருந்துக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. இந்த வெள்ளைப்புள்ளி நோய்க்குக் காரணம் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒட்டுண்ணி. மீனின் தோலுக்குள் 3 முதல் 7 நாள் வரை தின்று வளர்ந்த பிறகு அதுவே கழன்று விழுந்துவிடும். பின்பு மணலிலோ கல்லிலோ ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றி உறை கட்டிக்கொண்டு, உள்ளே நூற்றுக்கணக்கில் பிரியும். அந்த உறை சில நாளில் உடையலாம், நாலு வாரமும் எடுக்கலாம், அரிதாக அதற்கு மேலும் போகலாம். வெளியே வருபவை மறுபடி மீனைத் தேடி நீந்தும். காப்பர் மருந்து கொல்வது நீரில் நீந்தும் இந்தக் கட்டத்தை மட்டும்தான். தோலுக்குள் இருப்பதையும் உறைக்குள் இருப்பதையும் அது தொடாது.

அதனால் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து மருந்தை நிறுத்தக் கூடாது, நாளைத்தான் எண்ண வேண்டும். காப்பர் அளவை 30 நாள் இறங்காமல் வைத்திருப்பது பாதுகாப்பான கணக்கு. காப்பர் சல்பேட் என்றால் நீரில் அளக்கும் காப்பர் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். கீலேட் செய்த, அதாவது வேறொரு சேர்மத்தோடு பிணைத்த காப்பர் வேறு வகை, அதற்கு அளவு இதைப்போல் பத்து மடங்குக்குப் பக்கத்தில் வரும். ஒரு வகையின் அளவை இன்னொன்றுக்குப் போட்டால் ஒன்று மீன் சாகும், இல்லையென்றால் ஒட்டுண்ணி தப்பிக்கும். எனவே புட்டியில் எழுதியிருப்பதைப் படித்து, அந்த வகைக்குப் பொருந்தும் டெஸ்ட் கிட்டால் தினமும் அளக்க வேண்டும். நடுவில் அளவு இறங்கியிருந்தால் நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள்.

இதையெல்லாம் முதன்மைத் தொட்டியில் செய்யவே கூடாது. இறால், நத்தை, பவளம் எதுவும் காப்பரைத் தாங்காது. தொட்டியில் உள்ள கல்லும் மணலும் காப்பரை உறிஞ்சிக்கொள்வதால் அளவும் நிலையாக நிற்காது. கல்லோ மணலோ இல்லாத ஒரு தனித் தொட்டி, ஒரு ஹீட்டர், ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், மீன் ஒளிந்துகொள்ள இரண்டு மூன்று பிவிசி குழாய்த் துண்டுகள் போதும். நோய் முதன்மைத் தொட்டிக்குள் நுழைந்துவிட்டதென்றால் எல்லா மீனையும் வெளியே எடுத்துவிட்டு அதைக் காலியாக விட வேண்டும். பலரும் 76 நாள் காத்திருக்கிறார்கள். நீண்ட காத்திருப்புதான், ஆனால் ஒரு மீனை மட்டும் உள்ளே விட்டுவைத்தாலும் அத்தனை நாளும் வீண்.

அடுத்த தவறு, புள்ளியை மட்டும் தேடிக்கொண்டு மூச்சைக் கவனிக்காமல் விடுவது. வெல்வெட் நோயைத் தரும் அமைலோடினியம் என்ற ஒட்டுண்ணி முதலில் செவுளைத்தான் தாக்கும். தோலில் ஒன்றும் தெரியாமலே மீன் வேகமாக மூச்சு வாங்கும், பம்பிலிருந்து வரும் நீரோட்டத்துக்கு எதிரே போய் நிற்கும், வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்கும், சாப்பாட்டைத் திரும்பியும் பார்க்காது. அறை விளக்கை அணைத்துவிட்டுப் பக்கவாட்டிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். கிரிப்டோ, அதாவது மேலே சொன்ன வெள்ளைப்புள்ளி நோய் என்றால் புள்ளிகளைத் தனித்தனியாக எண்ணிவிடலாம். வெல்வெட்டில் எண்ணவே முடியாத நுண்ணிய பழுப்பு மஞ்சள் தூசி படிந்திருக்கும். தூசி கண்ணுக்குத் தெரியும் நிலைக்கு வந்துவிட்டால் நம் கையில் இருப்பது மணிக்கணக்கு. கிரிப்டோவுக்குப் பலன் தரும் உப்புக் குறைப்பு முறை, அதாவது ஒப்படர்த்தியை 1.009-க்கு இறக்குவது, வெல்வெட்டிடம் பலிக்காது. அதற்குக் காப்பரோ குளோரோகுவின் பாஸ்பேட்டோ வேண்டும். நோயின் பெயர் தெரியாமல் மருந்தைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

க்ளவுன் மீன்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. உடம்பிலிருந்து வழவழப்பான சளி ஏடு ஏடாக உரிந்து தொங்கினால் அது புரூக்லினெல்லா என்ற இன்னொரு ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதைக் காப்பர் ஒன்றும் செய்யாது, ஃபார்மலின் குளியல்தான் வழி. ஃபார்மலின் நமக்கும் நஞ்சு, அதனால் கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்துங்கள். நீரில் ஆக்சிஜனையும் குறைக்கும் என்பதால் ஏர் ஸ்டோன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். புட்டியின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அந்தப் புட்டியைத் தொடாதீர்கள், அது மீனுக்கு இன்னும் கொடிய நஞ்சாக மாறியிருக்கும்.

மீன் கல்லில் உரசுகிறது, தலையை உதறுகிறது, கண் மங்கலாக இருக்கிறது, ஆனால் புள்ளி இல்லை என்றால் தட்டைப்புழுவைச் சந்தேகிக்கலாம். இதை உறுதிசெய்ய நன்னீர்க் குளியல் உதவும். தொட்டியின் அதே வெப்பம், அதே பிஎச், நன்றாகக் காற்று விட்ட ஆர்ஓ நீர், 3 முதல் 5 நிமிடம். அடியில் கறுப்புத் தட்டு ஒன்றை வையுங்கள். அதுவரை கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிந்த புழுக்கள் வெளுத்து, வெள்ளை எள் உதிர்வதுபோல ஒவ்வொன்றாக விழும். மீன் மிகவும் தத்தளித்தால் உடனே எடுத்துவிடுங்கள். இந்தக் குளியலோடு நோய் தீர்ந்தது என்று விட்டுவிடுவதும் தவறுதான். மருந்து பிராஸிகுவான்டெல், லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் அளவு. முட்டைகளை அது கொல்லாது, ஆகவே ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து இரண்டாவது தடவை கட்டாயம் கொடுக்க வேண்டும்.

சில மீன்கள் நோயால் சாவதில்லை, தனித்தொட்டியின் அம்மோனியாவால் சாகின்றன. மூச்சு வாங்குவதைப் பார்த்து வெல்வெட் என்று நினைத்து மருந்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். எந்த மருந்துக்கும் முன்பு அம்மோனியாவை அளந்துவிடுங்கள். அதைக் கட்டுப்படுத்தத் தண்ணீரை மாற்றுங்கள், வெளியே எடுத்த தண்ணீரில் போன காப்பரைப் புதுத் தண்ணீரோடு சேர்த்து ஈடுசெய்யுங்கள். காப்பர் இருக்கும் நீரில் அம்மோனியா நீக்கும் திரவத்தை ஊற்றினால் காப்பரின் நச்சுத்தன்மை எகிறிவிடக்கூடும். அப்புறம் ஃபில்டரில் கார்பன் இருந்தால் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் மருந்தை அதுவே உறிஞ்சிவிடும்.

மீன் வந்த நாளிலேயே நடக்கும் தவறும் ஒன்று உண்டு. நெடுநேரம் பயணித்த பையில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பிஎச் இறங்கியிருக்கும், அதனால் உள்ளே சேர்ந்த அம்மோனியா அவ்வளவாகக் கொல்லாது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏறும், அம்மோனியா நஞ்சாகும். அந்த நீரிலேயே மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் பழக்குவது மீனுக்குத் தண்டனை. தனித்தொட்டியின் உப்பளவை முன்கூட்டியே பை நீரின் அளவுக்கு இறக்கி வைத்துக்கொண்டு, வெப்பம் சமமானதும் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். உப்பை அப்புறம் சில நாட்களில் மெதுவாக ஏற்றலாம்.

பூண்டு, மீன் மேலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தும் கிளீனர் இறால், யூவி விளக்கு, இவற்றை நம்பி நாளைக் கடத்த வேண்டாம். யூவி நீரில் மிதக்கும் ஒட்டுண்ணிகளைக் குறைக்கலாம், நோயைத் தீர்க்காது. காரணமே தெரியாமல் ஆன்டிபயாடிக் போடுவதும் வேண்டாம், அது ஃபில்டரின் நல்ல பாக்டீரியாக்களையே கொல்லக்கூடும். துடுப்பின் ஓரத்தில் காலிஃபிளவர் மாதிரி வெள்ளைக் கட்டி வந்தால் அது பெரும்பாலும் லிம்ஃபோசிஸ்டிஸ் என்ற வைரஸ். அதற்கு மருந்தே கிடையாது. நல்ல தண்ணீரும் நல்ல தீனியும் இருந்தால் சில வாரங்களில் தானாக உதிரும்.

மருந்து முடிந்ததும் மீனை உடனே மாற்றிவிடாதீர்கள். கார்பன் போட்டு மருந்தை எடுத்துவிட்டு, அதே தனித்தொட்டியில் இன்னும் இரண்டு வாரம் வைத்துப் பாருங்கள். அதுவரை அந்த வலையும் குழாயும் வாளியும் முதன்மைத் தொட்டிப் பக்கம் போகக் கூடாது, ஈரக் கையும்தான்.