சின்ன மெழுகுச் சிலைக்கூடத்தை முழுசாகப் பார்ப்பது எப்படி? மொரிஷியஸ் பயணிகளுக்கு ஒரு செய்முறை

மொரிஷியஸிலிருந்து குடும்பத்தோடு தமிழ்நாட்டுக்குக் கோயில் பயணம் போகிறவர்கள் வழியில் ஒரு மெழுகுச் சிலைக்கூடத்தையும் எட்டிப் பார்ப்பதுண்டு. கன்னியாகுமரியில் பேவாட்ச் பூங்கா வளாகத்தில் ஒன்று இருக்கிறது. ஊட்டியில் ஒரு பழைய பங்களாவுக்குள் இருக்கிறது. மும்பை வழியாகப் போகிறவர்களுக்கு லோனாவாலா. லண்டனில் 1835-லேயே பேக்கர் தெருவில் நிலைகொண்ட மேடம் துசாட்ஸ், பாரிஸில் 1882-ல் திறந்த கிரெவன் ஆகியவற்றின் பிரமாண்டத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. சில அறைகள், கொஞ்சம் சிலைகள், அவ்வளவுதான். ஆனால் கூட்டமில்லாத நேரத்தில் ஒரு சிலை முன்னால் பத்து நிமிடம் நிற்க இங்கேதான் முடியும். யார் சிலை என்று கண்டுபிடித்ததும் நகர்ந்துவிட்டால் கொடுத்த காசு வீண். எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்கத் தெரிந்தால் ஒரு மணி நேரமும் போதாது. அதற்கான வழி கீழே.

படி 1: நாளும் நேரமும்

நம் பள்ளி விடுமுறை நவம்பர், டிசம்பரில் வருகிறது. அதே மாதங்களில் சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்கள் கன்னியாகுமரியையும் சேர்த்துப் பார்க்க வருகிறார்கள். அந்தச் சமயத்தில் மதியம் போனால் சிலையைப் பார்க்க முடியாது, முன்னால் நிற்பவரின் தலையைத்தான் பார்க்கலாம். ஊட்டியில் ஏப்ரலும் மே மாதமும் இதே கதை. கதவு திறக்கும் நேரத்தை முதல் நாளே ஆட்டோக்காரரிடமோ விடுதியிலோ கேட்டு வைத்து, வார நாளில் முதல் ஆளாக நுழையுங்கள். காலையில் போவதில் இன்னொரு லாபமும் உண்டு. அறை இன்னும் சூடேறியிருக்காது, முந்தைய இரவு துடைத்த சிலையில் விரல் தடம் குறைவாக இருக்கும்.

படி 2: பணம், டிக்கெட்

நம் நோட்டிலும் ரூபாய், அங்கேயும் ரூபாய். நம் நோட்டில் தமிழ் எழுத்து இருந்தாலும் அது அங்கே செல்லாது, மாற்றித்தான் ஆக வேண்டும். போன பயணத்தில் மிஞ்சி பீரோவில் கிடக்கும் இந்திய நோட்டுகளையும் ஒருமுறை பாருங்கள். 2016 நவம்பருக்கு முந்தைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை. 2000 ரூபாய் நோட்டை 2023-ல் திரும்பப் பெற்றுவிட்டார்கள், கவுண்டரில் வாங்க மாட்டார்கள். 100, 200 ரூபாய்ச் சில்லறையாகக் கையில் வையுங்கள்.

டிக்கெட் வாங்கும்போதே மூன்று விஷயம் கேளுங்கள்: கேமராவுக்குத் தனிக் கட்டணமா, போனுக்கும் அது பொருந்துமா, பேய் அறை எந்தப் பக்கம். மூன்றாவது கேள்வி சிறுபிள்ளைகளுக்காக. பல இடங்களில் திகில் பகுதியும் அதே டிக்கெட்டில் அடங்கும். தெரியாமல் நுழைந்தால், பிள்ளை பிறகு காந்தி சிலையைப் பார்த்தும் அழும்.

படி 3: உள்ளே போனதும் நில்லுங்கள்

வெயிலிலிருந்து நேராக உள்ளே வந்த கண்ணுக்கு அந்த மங்கல் வெளிச்சம் பழக மூன்று நான்கு நிமிடம் ஆகும். அதுவரை எந்தச் சிலையையும் எடைபோடாதீர்கள். விளக்கைக் குறைத்து வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. போர்ட் லூயிஸ் கோதான் துறைமுகப் பகுதியில் உள்ள புளூ பென்னி மியூசியத்தில், மொரிஷியஸ் 1847-ல் வெளியிட்ட அந்த இரண்டு அரிய தபால்தலைகளுக்கும் கொஞ்ச நேரம் மட்டுமே விளக்குப் போடுகிறார்கள். வெளிச்சம் நிறத்தைத் தின்றுவிடும் என்பதால்தான் அப்படி. மெழுகுச் சிலையின் பட்டுச் சேலைக்கும் கன்னச் சிவப்புக்கும் அதே ஆபத்து. ஜன்னலோரம் நிற்கும் சிலை இருந்தால் அதன் இரண்டு தோள்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வெயில் படும் பக்கத்துத் துணி வெளுத்திருக்க வாய்ப்பு அதிகம்.

பிறகு போனைப் பைக்குள் போட்டுவிட்டு ஒரு சுற்று முழுவதும் நடங்கள். எந்த இரண்டு சிலைக்குத் திரும்பி வரவேண்டும் என்று அந்தச் சுற்றில் முடிவு செய்யுங்கள். எல்லாவற்றையும் ஊன்றிப் பார்ப்பது ஆகாத காரியம்.

படி 4: ஒரு சிலையை வாசிப்பது

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். முதலில், சிலை எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆளையோ புகைப்படங்களையோ வைத்து அளவெடுத்து, களிமண்ணில் தலையைச் செய்வார்கள். அதன்மேல் பிளாஸ்டர் அச்சு எடுத்து, உருக்கிய மெழுகை ஊற்றி, ஓரம் கெட்டியானதும் நடுவில் மிச்சமிருக்கும் மெழுகை வடித்துவிடுவார்கள். ஆகவே தலை உள்ளே வெற்றிடம்தான். மெழுகு ஆறும்போது சுருங்கும் என்பதால் களிமண் தலையை உண்மை அளவைவிடச் சுமார் 2 சதவீதம் பெரிதாகச் செய்வது வழக்கம். அதைக் கணக்கில் எடுக்காமல் செய்த சிலைதான் பெரிய உடம்பில் சின்னத் தலையோடு நிற்கும்.

பெரும்பாலும் தலையும் கைகளும் மட்டுமே மெழுகு. துணிக்குள் இருப்பது ஃபைபர் கிளாஸ் உடம்பு. இரண்டும் சேரும் இடத்தைச் சட்டைக் காலரும் மேல்துண்டும் மறைத்துவிடும். அதனால்தான் சிற்பியின் கைத்திறனைச் சோதிக்கக் காந்தி சிலையைவிடச் சிறந்தது இல்லை. 1930 மார்ச் 12-ல் தொடங்கிய தண்டி யாத்திரைக் கோலத்தில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நமக்கும் அந்தத் தேதி பழக்கமானது, அதே மார்ச் 12-ல்தானே நம் சுதந்திர தினம்! அவருக்குக் காலர் இல்லை, கால்சட்டை இல்லை. கழுத்து, மார்பு, முழங்கால் எல்லாம் வெளியே தெரிகின்றன. கழுத்தடியில் குனிந்து பாருங்கள். மேலே மெழுகின் நிறம் ஆழமாகவும், கீழே ஃபைபரின் பெயிண்ட் தட்டையாகவும் இருந்தால், இணைப்பை மறைக்கச் சால்வையை வழக்கத்தைவிட மேலே இழுத்துப் போர்த்தியிருப்பார்கள். மொட்டைத் தலையில் முடியின் மறைப்பும் கிடையாது, நெற்றி முதல் உச்சிவரை ஒரே சீரான நிறமா, திட்டுத்திட்டாக நரம்பும் புள்ளியும் போட்டிருக்கிறார்களா என்று தெரியும். உண்மையான தோலில் ஒரே நிறம் எங்கும் கிடையாது.

மற்ற சிலைகளில் முடியின் ஓரத்தைப் பாருங்கள். நல்ல வேலையில் ஒவ்வொரு முடியையும் சூடான ஊசியால் தனித்தனியாக நட்டிருப்பார்கள். ஒரு தலைக்கு வாரக்கணக்கில் ஆகும். செலவைக் குறைக்க விக் வைத்திருந்தால் நெற்றியில் முடி ஒரு கோடு போட்டதுபோல் திடீரென்று தொடங்கும். அடுத்து காதுக்குப் பின்புறம். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த கோடு பெரும்பாலும் அங்கேதான் ஓடும், சோம்பேறித்தனமாக விட்டிருந்தால் மெல்லிய வரப்பாகத் தெரியும். கடைசியாகக் கைகள். முகத்துக்கு மெனக்கெட்டு, கைக்கு எல்லாச் சிலைக்கும் ஒரே அச்சைப் பயன்படுத்தினால் அறுபது வயதுக்காரருக்கு இருபது வயது விரல்கள் இருக்கும்.

படி 5: கோளாறும் காரணமும்

இந்தச் சிலைகளுக்குப் பயன்படும் தேன்மெழுகு உருகுவது சுமார் 62 முதல் 64 பாகை செல்சியஸில். ஆனால் 35 பாகையிலேயே இளக ஆரம்பித்துவிடும். கார்னாபா போன்ற கடினமான மெழுகை அதில் கலப்பது இந்த இளக்கத்தைக் குறைக்கத்தான். ஏசி இல்லாமல் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் சுண்டுவிரல் தொங்குவது, தாடை ஒரு பக்கம் இறங்குவது எல்லாம் வெயில் காலத்தின் வேலை, சிற்பியைக் குறை சொல்லாதீர்கள். ஊட்டி போன்ற குளிரான ஊரில் கறுத்த முகத்தின்மேல் வெண்மையாகப் படலம் தெரிந்தால் பூஞ்சை என்று முகம் சுளிக்க வேண்டாம். குளிரில் தேன்மெழுகு தன் மேற்பரப்பில் பூத்துக்கொள்ளும் இயல்புடையது, மென்மையான துணியால் துடைத்தால் போய்விடும்.

கழுத்துச் சாய்வு மட்டும் பார்வையாளர்களால் வருவது. ஆளுக்கு ஆள் தோளில் கை போட்டுச் சாய்ந்தால் இணைப்பு தளர்ந்துவிடும். உங்கள் உள்ளங்கைச் சூடும் எண்ணெய்ப் பிசுக்கும் பெயிண்டைக் கிளப்பும், மோதிரம் கீறும். காவலர் பார்க்காவிட்டாலும் தொடாதீர்கள்.

படி 6: படம் எடுப்பது

ஃபிளாஷை அணையுங்கள். மெழுகு வெளிச்சத்தைக் கொஞ்சம் உள்ளே வாங்கித்தான் வெளியே விடும், தோல்போலத் தோன்றுவதே அதனால்தான். ஃபிளாஷ் நேராக அடித்தால் நெற்றி மினுமினுத்து பொம்மையாகிவிடும்.

சிலையின் பார்வை ஒரே புள்ளியில் நிலைத்திருக்கும். அதன் முன்னால் மெல்ல இடமும் வலமும் நகர்ந்து, உங்கள் கண்ணை அது நேராகப் பார்க்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். படம் எடுப்பவர் அங்கேதான் நிற்க வேண்டும், போன் சிலையின் கண்மட்டத்தில் இருக்க வேண்டும். கிட்டே போய் எடுத்தால் மூக்கு பெருக்கும். இரண்டு அடி பின்வாங்கி, இரண்டு மடங்கு ஜூம் வைத்து எடுங்கள். கூட நிற்பவர் சிலைக்குப் பக்கத்தில், அதே வரிசையில் நிற்கட்டும். முன்னால் வந்துவிட்டால் சிலை குட்டையாகத் தெரியும்.

படி 7: அங்கே இருப்பவரிடம் பேசுங்கள்

காவலுக்கு நிற்பவருக்கு ஒவ்வொரு சிலையின் வரலாறும் தெரியும். "அண்ணே, இது எங்க செஞ்சது? எப்ப பெயிண்ட் அடிச்சாங்க?" என்று ஆரம்பியுங்கள். நம் தமிழ் கொஞ்சம் தடுமாறினாலும் பரவாயில்லை, மொரிஷியஸ் என்று சொன்னதுமே பேச்சு நீளும். விரல் உடைந்து ஒட்டிய சிலை எது என்று அவரே காட்டுவார்.

வெளியே கை அச்சு எடுத்தால்

சில இடங்களில் உங்கள் கையையே பாரஃபின் மெழுகில் முக்கி மெழுகுக் கை செய்து தருவார்கள். மோதிரம், வளையல், காப்பு எல்லாவற்றையும் கழற்றுங்கள். காயமோ சொறியோ இருந்தால் வேண்டாம். மெழுகு 50 பாகைக்குச் சற்று மேலே இருந்தால் போதும், அதைவிடச் சூடு தேவையில்லை. கடைக்காரர் தன் விரலை முதலில் முக்கிக் காட்டட்டும். முதலில் குளிர்ந்த தண்ணீர், பிறகு மெழுகு என்று பல தடவை மாற்றி மாற்றி முக்குவார்கள். விரல்களை அகட்டி வைத்தால் கழற்றும்போது உடையும், லேசாகச் சேர்த்து வையுங்கள்.

பருத்தித் துணியில் சுற்றி, டப்பாவில் போட்டு, கைப்பையில் கொண்டுவாருங்கள். விமானத்தில் அதற்கு ஆபத்தில்லை. ஜனவரி வெயிலில் பிளெசான்ஸ் விமான நிலையத்தில் காரின் டிக்கியில் வைத்துவிட்டு வழியில் உறவினர் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தீர்களானால் ஐந்து விரலும் ஒட்டிப்போகும், அதனால் டப்பாவையும் வீட்டுக்குள் எடுத்துச் செல்லுங்கள்.