குருவி தின்ற நெல்லை மரபணுவின் கணக்கில் எழுதாதீர்கள்

கடந்த அறுவடையின்போது மலேசியாவின் பினாங்கில், கெப்பாலா பத்தாஸ் பக்கம் ஒரு சோதனை வயலுக்குப் போயிருந்தேன். முதுகலை ஆய்வு செய்யும் ஒரு தம்பியும் ஒரு தங்கையும் வரப்பில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்து காட்டினார்கள். நெல்லின் 12 குரோமோசோம்களும் வரிசையாக நிற்க, ஒன்றில் மட்டும் கோடு மலைபோல் எழுந்திருந்தது. “விளைச்சல் மரபணு கிடைத்துவிட்டது, ஐயா” என்றான் தம்பி. கதிர் வந்த தேதிகள் எங்கே என்று கேட்டேன். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் அதே கேள்விக்கு நானும் பதில் இல்லாமல் நின்றிருக்கிறேன். அதனால்தான் விளைச்சல் மரபணுவைத் தேடும்போது நாம் செய்யும் தவறுகளைப் பற்றி எழுதுகிறேன். குழாயில் பெயர் மாற்றி ஒட்டுவது, பறித்த இலையை வெயிலில் வாட விடுவது போன்றவற்றைச் சொல்லப்போவதில்லை. அவை இரண்டு மாதத்தில் தாமாகத் திருந்திவிடும்.

வேலை இதுதான். இரண்டு நெல் வகைகளைக் கலந்து, சந்ததியைப் பல தலைமுறை தன்மகரந்தச் சேர்க்கையில் விட்டு நிலைப்படுத்தினால், நூற்றுக்கணக்கான வழித்தோன்றல்கள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் எந்தத் துண்டு தாயுடையது, எது தந்தையுடையது என்பதை மரபணுக் குறிப்பான்கள் காட்டும். வயலில் ஒவ்வொன்றும் தந்த நெல்லை நிறுத்து, இரண்டையும் பொருத்திப் பார்க்கிறோம். எந்த இடத்துத் துண்டோடு விளைச்சல் சேர்ந்து மாறுகிறதோ, அங்கே கோடு உச்சமாக எழும். குறிப்பான் பக்கத்தை இன்று இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. தவறு நுழைவது பெரும்பாலும் வயல் பக்கத்திலிருந்துதான்.

கதிர் வந்த நாளை எழுதாமல் விடுவது

செபராங் பிறையில் 180 வழித்தோன்றல்களை நட்டோம். தாய் குறுகிய காலப் புதிய வகை. தந்தை நாள் கூடுதலாக எடுக்கும் பழைய வகை. ஒரே வயல், ஒரே பருவம். அறுத்தோம், நிறுத்தோம், இலை மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். முடிவு வந்தபோது 6ஆம் குரோமோசோமில் ஒரு பெரிய உச்சம். தந்தையின் துண்டு இருந்த செடிகள் கண்ணுக்குத் தெரியும் அளவு அதிக நெல் தந்திருந்தன.

அந்தத் துண்டைக் குறிப்பான் துணையோடு ஒரு நல்ல வகைக்குள் மாற்றத் தொடங்கினோம். ஆண்டுக்கு இரண்டு பருவம் வீதம் நான்கு பருவங்கள் போயின. பணம் போனது. ஒரு மாணவனின் ஆய்வுக்காலம் முழுவதும் அதிலேயே கழிந்தது. கடைசியில் பெரிய பாத்திகளில் நட்டுப் பார்த்தால் ஒரு கிலோகூடக் கூடவில்லை. பயிர் மட்டும் 12 நாள் பிந்திக் கதிர் விட்டது.

பக்கத்து வயல்காரர் மலாய்ப் பெரியவர். பாக் சிக் என்று அழைப்போம். முதல் ஆண்டு நட்டதைப் பற்றி அவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது சாதாரணமாகச் சொன்னார்: “சுற்றிலும் எங்கள் நெல் இன்னும் பச்சை. உங்களுடையது மட்டும் சீக்கிரம் பால் பிடித்தது. குருவிகளெல்லாம் அங்கேதானே இருந்தன.”

அன்று மாலை, பையில் போட்டு வைத்திருந்த முதல் ஆண்டுக் கதிர்களை எடுத்து மேசையில் பரப்பினேன். முந்திக் கதிர் விட்ட செடிகளின் மணிகள் நசுங்கியிருந்தன. உமியின் மேல் வெள்ளையாகப் பால் வழிந்து காய்ந்த தடம். சில்லைக் குருவி பால் பிடித்த மணியை அலகில் வைத்துப் பிழியும். உமி காம்பிலேயே நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரணப் பதர்தான். பிந்திய செடிகள் பால் பிடிப்பதற்குள் ஊர் வயலெல்லாம் கதிர் விட்டுவிட்டதால் குருவிகள் பிரிந்து போய்விட்டன. பிந்தியவை அதிகம் விளைந்ததாகக் கணக்கு காட்டியது அதனால்தான்.

6ஆம் குரோமோசோமில் எச்டி1 என்ற மரபணு இருக்கிறது. பகல் நீளத்தை உணர்ந்து நெல் எப்போது பூக்க வேண்டும் என்று முடிவு செய்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. எங்கள் உச்சம் நின்றது அந்த இடத்தில்தான். நாங்கள் கண்டுபிடித்தது பூக்கும் காலத்தை. நோட்டில் அதற்கென ஒரு பத்தி போட்டு, ஒரு நாள்கூட நிரப்பாமல் விட்டிருந்தேன். அந்தக் காலிப் பத்தியை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. காலையில் அரை மணி நேரம் வயலைச் சுற்றி வந்திருந்தால் போதும்.

பூக்கும் கால மரபணு விளைச்சலைக் கூட்டவே கூட்டாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 7ஆம் குரோமோசோமில் உள்ள ஜிஎச்டி7, பூப்பதைத் தள்ளிப்போடுவதோடு கதிருக்கு மணிகளையும் கூட்டுகிறது என்பது 2008-இல் வெளியான ஆய்வு. கூடுதல் நாள் வயலில் நிற்கும் பயிர் கூடுதல் வெயிலைப் பிடிக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இங்கே ஆண்டுக்கு இரு போகம். மடை திறக்கும் நாளும் அறுவடை இயந்திரம் வரும் நாளும் ஊருக்கே பொதுவானவை. 12 நாள் பிந்தும் வகையை எந்த விவசாயியும் வாங்கமாட்டார்.

ஆகவே ஒவ்வொரு பாத்தியிலும் பாதிச் செடிகள் கதிர் தள்ளிய நாளை எழுதுங்கள். முந்தியவை, நடுத்தரம், பிந்தியவை என்று பிரித்து நட்டு, குழுவுக்குள்ளேயே ஒப்பிடுங்கள். முதல் கதிர் தலை காட்டுவதற்கு முன் வலை கட்டுங்கள். மொத்த எடையோடு நிற்காமல் தூர்களின் எண்ணிக்கை, கதிருக்கு எத்தனை மணி, அதில் எத்தனை பதர், 1000 மணியின் எடை ஆகிய நான்கையும் தனித்தனியாக எடுங்கள். பதரை நான் எண்ணியிருந்தால் முதல் ஆண்டிலேயே குருவி பிடிபட்டிருக்கும்.

ஒரே பருவத்தை நம்புவது

பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 5 பாகை அளவில் இருக்கிறது. ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகவே வித்தியாசம். இது ஒரு வித்தியாசமா என்று கேட்பார்கள். பழைய மலாயா நெல் வகைகள் சில இந்தச் சிறு மாற்றத்தையே உணர்ந்து பூக்கும். முதன்மைப் பருவத்தில் தெரிந்த உச்சம் அடுத்த பருவத்தில் காணாமல் போகலாம். இரண்டு பருவமாவது நட்டுப் பாருங்கள்.

சந்ததி எண்ணிக்கையில் சிக்கனம்

1990களில் வில்லியம் பீவிஸ் என்ற மரபியல் ஆய்வாளர் கணினியில் செய்து காட்டினார். 100 சந்ததியை வைத்துத் தேடினால், அகப்படும் மரபணுவின் பலன் உள்ளதைவிடப் பல மடங்கு பெரிதாகத் தெரியும். 1000 வைத்தால் உண்மைக்கு அருகில் வரும். ஆயிரம் நம்மால் முடியாது. 80-ஐ வைத்துக்கொண்டு “30 விழுக்காடு பலன்” என்று எழுதாமலாவது இருக்கலாம்.

ஈரத்தோடு நிறுப்பது

14 விழுக்காடு ஈரப்பதத்துக்குக் கணக்கிட்டு எழுதுங்கள்.

வரப்போர வரிசையைச் சேர்ப்பது

சேர்க்காதீர்கள்.

விளைச்சல் குறைந்த பழைய வகைகளை ஒதுக்குவது

இதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. விதை வங்கிப் பட்டியலைக் கொடுத்தால் பிள்ளைகள் விளைச்சல் பத்தியை மட்டும் பார்த்து மேலிருந்து பத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ என்ற பழைய நெல் விளைச்சலில் பேர் போனதல்ல. ஆனால் வெள்ளத்தில் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் பிழைக்கவைக்கும் சப்1 மரபணு அதிலிருந்துதான் கிடைத்தது. ஸ்வர்ணா நெல்லுக்குள் அதை மட்டும் மாற்றி உருவாக்கிய வகையை வெள்ளம் புகும் வயல்களில் இன்று விவசாயிகள் நடுகிறார்கள்.

அந்த ஸ்வர்ணாவின் பெற்றோரில் ஒன்று நம் மசூரி. தைச்சுங் 65 என்ற ஜப்பானிக்கா வகையையும் மயாங் எபோஸ் 80 என்ற மலாயா நெல்லையும் கலந்து பிறந்தது. கலப்பு நடந்தது கட்டாக்கில். சந்ததியைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது இங்கே புக்கிட் மேராவில். 1965-இல் வெளியானது. பிறகு மீண்டும் இந்தியா போய், தமிழ்நாட்டில் பொன்னி ஆனது. பட்டர்வொர்த் கடையில் பொன்னி மூட்டையைத் தோளில் ஏற்றும்போது, அதில் இந்த மண்ணின் நெல்லும் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். மயாங் எபோஸை அன்று யாராவது பட்டியலிலிருந்து அடித்திருந்தால் அந்த மூட்டை இல்லை.

பெற்றோர் விதையைச் சோதிக்காமல் கலப்பது

நம் வயல்களில் பாடி ஆஙின் என்னும் காற்று நெல் எங்கும் இருக்கிறது. அறுவடைக்கு முன்பே மணி உதிர்ந்து மண்ணில் விழுந்து, அடுத்த பருவம் நட்ட நெல்லோடு சேர்ந்து முளைக்கும். இளம் பயிரில் அடையாளம் காண்பது கடினம். அதன் ஒரு செடி பெற்றோர் வரிசைக்குள் நின்றாலும் கலப்பு கெட்டுவிடும். ஆகவே வயலில் பொறுக்கிய விதையை வைக்காமல், உறை கட்டி எடுத்த தனிக்கதிர் விதையை வையுங்கள். கலப்புக்கு முன் ஒவ்வொரு பெற்றோர் செடியிலிருந்தும் இலை எடுத்துக் குறிப்பான்களைப் பாருங்கள். பொருந்தாத செடியைப் பூப்பதற்கு முன்பே வேரோடு பிடுங்கி, வயலுக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள்.