வளவுல மரத்தவளை நுரைக்கூடு கட்டிருச்சா? இப்படிப் பண்ணுங்க

ஐப்பசி மழை இறங்குனதும் காரைக்குடி, தேவகோட்டை பக்கம் பழைய வீடுகள்ல பாக்கலாம், வளவுல, அதாவது வீட்டு நடு முற்றத்துல, கூரைத்தண்ணி பிடிக்க வச்ச அண்டா மேல சாஞ்ச செடியில வெள்ளையா சோப்பு நுரை மாதிரி ஒரு கட்டி ஒட்டிக்கிட்டு இருக்கும். தயவுசெஞ்சு விளக்குமாத்தால தள்ளிராதீங்க, அதுக்குள்ள முட்டை இருக்கு.

நாம தேரைன்னு சொல்ற மரத்தவளைதான் அது, அறிவியல் பேரு பாலிபெடேட்ஸ் மாக்குலேட்டஸ். விரல் நுனியில வட்டமா பேடு இருக்குறதால வழவழன்னு இருக்குற சுண்ணாம்புச் சுவத்துலயும் அசால்ட்டா ஏறும், காலை நீட்டும்போது தொடைக்குப் பின்னாடி மஞ்சள் புள்ளி தெரியும். முட்டை போடுறப்ப பெண் தவளை தான் விடுற திரவத்தைப் பின்னங்காலால அடிச்சு அடிச்சு நுரையாக்கும், வெளிப்பக்கம் காஞ்சாலும் உள்ள ஈரமாவே இருக்கும், சில நாள்ல தலைப்பிரட்டை எல்லாம் கீழ தண்ணியில விழும். அதனால கீழ தண்ணி இருக்கணும், அதான் முக்கியம்.

அண்டாவைக் காலி பண்ணியே ஆகணும்னா, கூடு இருக்குற கிளையை அப்படியே வெட்டி, நிழல்ல ஒரு அகலமான பேசினுக்கு மேல, நுரை தண்ணியில படாம கட்டித் தொங்கவிடுங்க. மழைத்தண்ணிதான் நல்லது, குளோரின் போட்ட குழாய்த்தண்ணியை அப்படியே ஊத்தக்கூடாது. கொஞ்சம் பாசி, ரெண்டு காஞ்ச இலை போதும்.

கொசு விஷயத்துல மட்டும் அசட்டையா இருக்காதீங்க, டெங்கு சீசன் வேற. தலைப்பிரட்டை கொசுப்புழுவைத் தின்னுரும்னு நம்பாம, எல்லாம் விழுந்து முடிஞ்சதும் பேசினைக் கொசுவலையால மூடி, உள்ள புழு நெளிஞ்சா டீ வடிகட்டியால அள்ளி காஞ்ச மண்ணுல கொட்டுங்க. மண்ணெண்ணெய் ஊத்துனா குஞ்சும் சேந்து செத்துரும். முன்னங்கால் முளைச்சதும் வலையை எடுத்துட்டு ஒரு குச்சியைச் சாய்ச்சு வைங்க, ஏற வழியில்லன்னா குட்டித்தவளை முழுகிப்போயிரும்.

பெரிய தவளை பாத்ரூம்ல ஏறிக்கிட்டா சிலர் உப்பை அள்ளி வீசுறாங்க, அது பெரிய கொடுமைங்க, அதோட தோல் வழியாத்தான் தண்ணியே உள்ள போகும், மூச்சுல ஒரு பங்கும் அது வழியாத்தான். சோப்பு இல்லாத ஈரக்கையால மெதுவா பிடிச்சு, இல்லன்னா ஒரு டப்பாவைக் கவுத்து அடியில அட்டையைச் சொருகி, சாயங்காலமா கொல்லைப்பக்கம் செடிகிட்ட விட்டுருங்க, கையைக் கழுவிட்டு அப்புறமா கண்ணைத் தொடுங்க. தூரத்து ஊரணி வரைக்கும் கொண்டுபோக வேணாம்.